பேரனுக்கு ஊற்றிய மூன்று மில்லி

அன்புள்ள கல்யாணி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டுவதாக இருந்தால் கடைசிப் பக்கம் வரை பொறுத்திருந்து திட்டு. என் முழங்கால் அப்படியே இருக்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவர் வழக்கம்போல் செய்தித்தாளுக்குள் இருக்கிறார். நலம் விசாரிப்பு முடிந்தது.

பாட்டியாகிவிட்டேன். ஜூலையில் என்று நாள் குறித்திருந்தார்கள். பேரன் துரை ஏப்ரல் கடைசியிலேயே புறப்பட்டு வந்துவிட்டார். இருபத்தொன்பது வாரம், 1,150 கிராம். பிறந்த சற்று நேரத்திலேயே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சின்ன நெஞ்சு உள்ளே குழிந்ததைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன் கல்யாணி. பகைவருக்கும் அந்தக் காட்சி வேண்டாம்.

டாக்டர் சின்னப் பெண். "நுரையீரல் இன்னும் முதிரவில்லை அம்மா, சர்ஃபாக்டன்ட் கொடுக்கப்போகிறோம்" என்றாள். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிய சொல்! நீர்ப்பரப்பு தன்னை இறுக்கிக்கொள்ளும் விசையை, அதாவது பரப்பு இழுவிசையை, தளர்த்தும் பொருள். சோப்பு, அழுக்குத் துணி, எண்ணெய்ப் பிசுக்கு என்று பாடம் நடத்திவிட்டு மணி அடித்ததும் மறந்த சொல். பால்போல ஒரு திரவம், மூன்று மில்லிகூட இராது. மெல்லிய குழாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஆக்சிஜனைக் குறைக்க முடிந்தது. பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்த மருந்து அது. சம்பந்தி அம்மாள் வெங்காயம்கூடச் சேர்க்காதவர். நீயும் வாயைத் திறக்காதே.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. சமையலறையில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, கற்பூரத்தைக் கிள்ளிப் போட்டேன். சுற்றிச் சுற்றி ஓடியது. நல்லெண்ணெய் தொட்ட ஈர்க்குச்சியால் தண்ணீரைத் தொட்டதும் சட்டென்று நின்றது. விடுதியில் இதைச் செய்து யார் மாட்டிக்கொண்டது, யார் தப்பித்தது என்று இப்போது பேச வேண்டாம். ஆனால் அந்தத் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஆக்னஸ் போக்கல்ஸ் நினைவுக்கு வந்தாள்.

ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பெண். பெண்களைப் பல்கலைக்கழகம் சேர்க்காத காலம். தம்பி பிரிட்ரிஷ் கோட்டிங்கனில் இயற்பியல் படித்தான். இவள் நோயாளிப் பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டு, தம்பி கொடுத்த புத்தகங்களைப் படித்தாள். இருபது வயதுவாக்கில் தானே ஒரு கருவி செய்தாள். 70 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தகரத் தொட்டி. குறுக்கே நகர்த்த ஒரு தகரப் பட்டை. தராசின் ஒரு பக்கம் பொத்தான் அளவு வட்டத் தகடு. அதைத் தண்ணீரிலிருந்து பிய்த்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று பார்த்தால் பரப்பு இழுவிசை தெரிந்துவிடும். அவ்வளவுதான் ஆய்வகம்.

அதில் அவள் கண்டதைக் கேள். எண்ணெய் படிந்த நீர்ப்பரப்பைப் பட்டையால் நெருக்கிக்கொண்டே போனால் முதலில் ஒன்றும் நடக்காது. ஓர் எல்லையைத் தாண்டியதும் இழுவிசை மளமளவென்று இறங்கும். பத்து வருடம் இதை வைத்துக்கொண்டிருந்தாள், சொல்ல ஆளில்லை. பிறகு இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபு இதே விஷயத்தில் வேலை செய்வது தெரிந்து, 1891 ஜனவரியில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள், ஜெர்மன் மொழியில். ராலேயின் மனைவி மொழிபெயர்த்தார். ராலே அதைத் தன் கட்டுரைக்குள் முழுங்கிவிடாமல் 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப, மார்ச் 12 அன்று அவள் பெயரிலேயே வெளிவந்தது. பெரிய மனிதர்தான். நமக்குத் தெரிந்த ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார். எனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது.

என்னை எது உலுக்கியது தெரியுமா? பிள்ளையின் நெஞ்சுக்குள் நடப்பதும் இதேதான். மூச்சை விடும்போது காற்று நுண்ணறைகள் சுருங்குகின்றன, உள்ளே பூசியிருக்கும் படலம் நெருக்கப்படுகிறது, இழுவிசை இறங்குகிறது, அதனால்தான் அறைகள் ஒட்டிக்கொள்வதில்லை. 1957இல் ஜான் கிளெமென்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நுரையீரல் சாற்றை ஒரு தொட்டியில் விட்டுப் பரப்பைச் சுருக்கிப் பார்த்தார். தண்ணீரின் இழுவிசை சென்டிமீட்டருக்கு 72 டைன் என்று நாம் மனப்பாடம் செய்தோமே, சாறு 10 டைன் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆக்னஸின் தொட்டியை அமெரிக்க வேதியியலாளர் லாங்மியர் 1917இல் செம்மைப்படுத்தினார் இல்லையா, அந்த வழியில் வந்த கருவிதான். இரண்டு வருடத்தில் மேரி எலன் ஏவரி என்ற மருத்துவர், குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் படலம்தான் இல்லை என்று காட்டினார். தெரிந்தும் மருந்து இல்லை. 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் குறைமாத மகனே இரண்டு நாளில் போய்விட்டான். 1980இல் ஜப்பானில் புஜிவாரா என்ற மருத்துவர் பத்துக் குழந்தைகளுக்குச் சர்ஃபாக்டன்ட் கொடுத்துக் காட்டிய பிறகுதான் வழி பிறந்தது.

இதில் எனக்கு ஒரு குற்ற உணர்வு. ஒவ்வொரு வருடமும் 'லாங்மியர் தொட்டி' என்றுதான் நடத்தினேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கும் அடுப்படியில் நின்ற அவளைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. அவளுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது எழுபதாவது வயதில், 1932இல். லாங்மியருக்கு நோபல் பரிசும் அதே வருடம். 'நீ பிஎச்.டி.யை விட்டிருக்கக் கூடாது' என்று ஆரம்பிக்காதே. மாமியாரின் ஒன்பது வருடப் படுக்கை உனக்குத் தெரியும். என்னிடம் தகரத் தொட்டியும் இல்லை, அந்தப் பொறுமையும் இல்லை.

இப்போது 1,900 கிராம். குழாய்களை எடுத்துவிட்டார்கள், தானே பால் குடிக்கிறான், அழுகை எதிர்வீட்டுக்குக் கேட்கிறது. பெண்ணாக இருந்தால் ஆக்னஸ் என்று வைத்திருக்கலாம் என்றேன். மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

அடுத்த மாதம் கட்டாயம் வா. வரும்போது உன் எம்.எஸ்சி. கூழ்ம வேதியியல் நோட்டைக் கொண்டு வா. வாத்தியார் இருமியதைக்கூட எழுதி வைத்தவள் நீ. அவர் அன்று ஆக்னஸின் பெயரைச் சொன்னாரா, இல்லை, நான்தான் பிறகு எங்கோ படித்தேனா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி