ஒன்பது நோட்டுகள்

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து இந்தக் கடிதம் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் பகுதியின் நலவாழ்வு, இளையோர் கூட்டமைப்புக்கு உன்னைத் தலைவராக்கியிருக்கிறார்கள். "சம்பளம் கிடையாது, வேலை மட்டும் நிறைய இருக்கும்போல. நீங்க எப்படிப்பா சமாளிச்சீங்க?" என்று கேட்டாய். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். நான் சமாளிக்கவில்லை என்பதுதான் உண்மை. போனில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒன்பது வருடம் நான் அந்த நாற்காலியில் இருந்தேன். விலகிய அன்று எல்லாரும் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார்கள். பதினோரு மாதத்தில் எங்கள் கூட்டமைப்பு இல்லாமல் போனது. யாரும் சண்டை போடவில்லை, பணமும் தீர்ந்துவிடவில்லை. அடுத்த கூட்டத்தை யார் கூட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். பள்ளியில் எந்த ஆசிரியரிடம் பேசினால் வேலை நடக்கும், எந்தச் செவிலியருக்கு மாலையில் வர முடியும், பிள்ளைகளிடம் குரல் உயர்த்தாத காவலர் யார் என்பதெல்லாம் என் தலைக்குள்ளும் என் நோட்டுகளிலும் மட்டும் இருந்தன. அடுத்து வந்தவர்களுக்குப் பொறுப்பில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்பு என்மேல்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு நாலைந்து வருடம் ஆனது.

அதனால் உனக்கு நான் எழுதப்போவது பெரும்பாலும் என் சறுக்கல்களைத்தான்.

முதல் வருடம் நாங்கள் பதினொரு வேலைகளை எடுத்துக்கொண்டோம். புகையிலை, மது, தூக்கம், செல்போன், மனநலம், தடுப்பூசி, விளையாட்டு என்று யார் எதைச் சொன்னாலும் நான் தலையாட்டினேன். மறுத்தால் ஆள் போய்விடுவார்களோ என்று பயம். வருடக் கடைசியில் பதினொன்றிலும் தொடக்க விழாப் படம் மட்டும் மிஞ்சியது. பிறகுதான் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்திருந்த ஒரு வேலையைப் பற்றிப் படித்தேன். 2003இல் ஏழு மாநிலங்களில் 24 சிற்றூர்களை எடுத்து, சீட்டுக் குலுக்குவதுபோலப் பாதியில் மட்டும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். உள்ளூர் ஆட்கள் முதலில் மாணவர்களிடம் கருத்தாய்வு நடத்துவார்கள். எந்த ஆபத்து அங்கே அதிகம், எந்தப் பாதுகாப்பு குறைவு என்று பார்ப்பார்கள். அதிலிருந்து இரண்டு முதல் ஐந்து விஷயங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே சோதித்துப் பார்த்த திட்டங்களை நடத்துவார்கள். சில வருடங்களில் அந்த ஊர்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் குடியையும் புகையையும் தொடங்கியவர்கள் மற்ற ஊர்களைவிடக் குறைவாக இருந்தார்கள். படித்துவிட்டு எங்கள் பதினொன்றை எடுத்து எண்ணிப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கருத்தாய்வு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முடிவு கைக்கு வந்ததும் பெரியவர்களுக்குக் கெட்ட எண் மட்டும்தான் கண்ணில் படும். "இத்தனை பிள்ளைகள் குடிக்கிறார்கள்" என்று தட்டி எழுதி மாட்டிவிடுவார்கள். நானும் மாட்டினேன். ஒரு பத்தாம் வகுப்புப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ நான்தான் குடிக்காம இருக்கேனா அங்கிள்?" என்றான். அவன் விளையாட்டாகக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் மாணவர்கள் தங்கள் சகாக்கள் குடிக்கும் அளவை உள்ளதைவிட அதிகமாகவே கற்பனை செய்கிறார்கள் என்று 1986இலேயே பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்று நினைக்கிற பிள்ளைக்கு, செய்யாமல் இருப்பது தனிமை. பத்தில் எட்டுப் பேர் தொடுவதில்லை என்று உங்கள் கருத்தாய்வு சொன்னால், அந்த எட்டைத்தான் தட்டியில் எழுது. அப்புறம், ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்றால் அந்த வகுப்பின் முடிவைத் தனியாக வெளியிடாதே. பெயர் போடாவிட்டாலும் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நல்ல எண்ணம் இருந்தால் கெடுதல் வராது என்று நம்புகிறவர்கள் உன் குழுவில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களிடம் கோபப்படாதே. நானும் அப்படித்தான் இருந்தேன். 1970களில் நியூ ஜெர்சியில் ஒரு சிறைக்குள் பிள்ளைகளை அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டித் திருத்தும் திட்டம் ஒன்று தொடங்கியது. பார்த்தவர்கள் மெய்சிலிர்த்தார்கள், பல இடங்களுக்கும் பரவியது. முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, போய்வந்த பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றங்களில் மாட்டியிருந்தார்கள். "ஒரே ஒரு பிள்ளைக்குப் பயன்பட்டாலும் போதும்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும். வழி தவறுகிற பிள்ளைகளை மட்டும் தனியாகச் சேர்த்து வகுப்பு எடுப்பதும் அப்படித்தான். அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வது நாம் சொல்லித்தருவதை இல்லை.

இளையோர் கூட்டமைப்பு என்று பெயரில் இருக்கிறதே, உங்கள் கூட்டம் எத்தனை மணிக்கு? நீ சொன்னாய், காலை பதினொரு மணி என்று. அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அதிகாரிகளுக்கு வசதியான நேரத்தில் கூடுவோம், ஆண்டு விழாவுக்கு மட்டும் இரண்டு பிள்ளைகளைப் பேச அழைப்போம், அவர்கள் பேச வேண்டியதையும் நாங்களே எழுதிக் கொடுப்போம். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதும்போது பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கீழே இருக்கும் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் சேர்க்கவில்லை: நம் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்கு உட்கார வைப்பது. ஒன்பது வருடத்தில் நான் நான்காவது படிக்கு ஒரே ஒருமுறைதான் ஏறியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஒரு பிள்ளையை மட்டும் குழுவில் சேர்க்காதே. இருபது பெரியவர்களுக்கு நடுவில் ஒரு பிள்ளை வாயைத் திறக்காது. குறைந்தது மூன்று பேர் வேண்டும். கூட்டத்துக்கு முதல் நாளே என்ன பேசப்போகிறோம் என்று அவர்களிடம் உட்கார்ந்து சொல். வாக்குரிமை கொடு, பணத்தில் ஒரு பகுதியை அவர்களே முடிவு செய்யட்டும். அவர்கள் தேர்ந்தெடுப்பது உனக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்குப் பிடிக்கவில்லை, ரத்து செய்துவிட்டேன். அடுத்த மாதம் ஒருவரும் வரவில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள். எந்தப் பெரியவரும், நீ உட்பட, ஒரு பிள்ளையுடன் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. "அவரைப் பல வருஷமாத் தெரியும்" என்று யாருக்கும் விலக்குக் கொடுக்காதே. ஒரு பிள்ளை வந்து, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க, அப்பத்தான் சொல்வேன்" என்றால் அந்த வாக்கைக் கொடுக்காதே. "உனக்கு ஆபத்துன்னா, உதவக்கூடியவங்ககிட்ட நான் சொல்லியாகணும். உனக்குத் தெரியாம சொல்லமாட்டேன்" என்று சொல். பெரும்பாலும் அதற்குப் பிறகும் சொல்வார்கள். அப்படி வரும்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதி எல்லார் கையிலும் இருக்கட்டும். உலகில் 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் கூட்டத்துக்கு முப்பது பிள்ளைகள் வந்தால் நாலு பேர் என்று வை. நீ மனநல மருத்துவர் இல்லை. கேட்டுக்கொள்வதும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் உன் வேலை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசோலையில் இரண்டு கையெழுத்து, மாதா மாதம் கணக்கு எல்லார் முன்னாலும். சாராயமோ புகையிலையோ விற்கிறவர்கள் பணம் தர வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடு.

இனி ஐஸ்லாந்து. சொல்லாவிட்டால் "என்னப்பா, அதை மறந்துட்டீங்க" என்று நீயே கேட்பாய், அவ்வளவு தடவை வீட்டில் சொல்லியிருக்கிறேன். 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். ஆட்ட மைதானங்கள், இசை வகுப்புகள், பெற்றோர் இரவில் சேர்ந்து தெருவில் நடந்துவருவது என்று பலதும் இருந்தன. வீட்டில் உங்களிடம் சொல்லும்போது அந்த மைதானங்களைத்தான் சொல்வேன். இப்போது யோசித்தால் எனக்கு உறைக்கிற விஷயம் வேறு. அங்கே கருத்தாய்வு விடாமல் நடந்தது, ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் முடிவு சீக்கிரமே திரும்பிப் போனது. பெற்றோர் மாறினார்கள், ஆசிரியர்கள் மாறினார்கள், பொறுப்பில் இருந்தவர்கள் மாறினார்கள், வேலை நிற்கவில்லை. இருபது வருட வேலையை ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து இழுத்திருக்க முடியாது.

அதனால், இப்போதே உன் பதவிக்காலத்தை எழுதிவை. இரண்டு வருடமோ மூன்று வருடமோ, முடிகிற தேதியோடு. துணைத்தலைவர் என்று ஒருவரை வைத்து, மூன்று கூட்டத்துக்கு ஒருமுறை அவர் நடத்தட்டும், நீ ஓரமாக உட்கார். அவர் தடுமாறும்போது உனக்குக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள். தொடர்பு எண்கள், கூட்டக் குறிப்புகள், யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்பதெல்லாம் எல்லாரும் திறந்து பார்க்கிற இடத்தில் இருக்கட்டும். ஒருவர் வரமுடியாது என்று சொன்னால் ஏன் என்று துருவாதே. தன்னார்வலருக்கு வீடு இருக்கிறது.

அதை எழுதும்போது கை நின்றுவிட்டது. எனக்கும் வீடு இருந்தது. எட்டாம் வகுப்பில் உனக்கு ஒரு போட்டி இருந்தது, நான் வரவில்லை, அன்று கூட்டம். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் உங்ககிட்ட நேரம் இருக்குப்பா" என்றாய். நான் உனக்கு விளக்கம் சொன்னேன், நீளமாக. மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அதற்கப்புறம் சில மாதம், வேறு வழியில்லாமல் உன்னையும் கூட்டத்துக்கு அழைத்துப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? கடைசி வரிசையில் என் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பாய். என்னிடம் இருந்த ஒன்பது நோட்டுகளையும் நேற்று கட்டி எடுத்துவைத்தேன், இந்த வாரம் உனக்கு அனுப்பிவிடுகிறேன். எண்கள் பழசாகியிருக்கும், ஆட்கள் போயிருப்பார்கள், ஆனாலும் பார். ஆறாவது நோட்டில் நடுப்பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் உன் கையெழுத்து இருக்கிறது. கட்டும்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்றைய கூட்டத்தில் யார் எத்தனை தடவை பேசினார்கள் என்று நீ கோடு போட்டு எண்ணியிருக்கிறாய். அப்பா 37. மற்ற பெரியவங்க எல்லாம் சேர்ந்து 14. பிள்ளைங்க என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறாய்.

அன்புடன்,
அப்பா