ஏற்றுமதிக்கு ஆவணம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழில்களுக்கான ஏற்றுமதிப் பயிலரங்கு என்றால் எங்கள் பக்கத்திலிருந்து பலரும் போய் உட்காருகிறோம். ஏற்றுமதியாளருக்கான குறியீட்டு எண் வாங்குவது எப்படி, எந்த நாட்டுக் கண்காட்சியில் கடை போடலாம் என்று மதியச் சாப்பாடு வரை சொல்கிறார்கள். எண்ணை இணையத்திலேயே வாங்கிவிடலாம். ஆர்டரும் எப்படியோ பிடித்துவிடுகிறோம். சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறிய பிறகு பணம் வந்து சேரும் வழியை யாரும் சொல்லித் தருவதில்லை.

கரூரில் மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் தைத்து அனுப்புகிறவன் நான். பெரிய கம்பெனிகளைப் போல ஆவணப் பிரிவு வைக்க எனக்குக் கட்டுப்படியாகாது. ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்தான் எல்.சி. அது இருந்தால் பணம் பத்திரம் என்பார்கள். பாதிதான் உண்மை. வங்கி சரக்கைப் பிரித்துப் பார்க்காது, காகிதத்தைத்தான் பார்க்கும். எல்.சி.யில் உள்ள சரக்கு விவரத்துக்கு இன்வாய்ஸ் முரண்பட்டால் பணத்தை நிறுத்திவிடலாம். கப்பலேறி 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி, எல்.சி.யில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கெடு. தையலில் ஒரு பிசகும் இருக்காது. ஆனாலும் காகிதக் குறையைக் காட்டி, "ஏற்றுக்கொள்கிறேன், விலையைக் குறை" என்பார் பையர். எனக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். சரக்கு அவர் ஊர்த் துறைமுகத்தில் கிடக்கும்போது நாம் என்ன பேரம் பேச முடியும்?

எல்.சி. இல்லாமல் கடனுக்கு அனுப்புவோருக்கு 1957 முதல் இயங்கும் மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி., பையர் பணம் தராமல் போனால் ஈடுகட்டக் காப்பீடு தருகிறது. பையரின் நிலவரத்தை விசாரித்து எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம் என்றும் வரம்பு சொல்கிறது. லாரிக்கு இன்சூரன்ஸ் கட்டத் தயங்காதவர்கள் இதன் பிரீமியத்தை மட்டும் ஏனோ வீண்செலவு என்கிறார்கள். ஒன்று, பணம் தவணை தாண்டினால் உரிய காலத்தில் இ.சி.ஜி.சி.க்குத் தெரிவிக்க வேண்டும். அங்கேயும் காகிதம்தான்!

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவின் வரி 50 சதவீதமானதும் எல்லோரும் புது நாடு தேடச் சொன்னார்கள். புது நாடு என்றால் முன்பின் தெரியாத பையர். 2022 மே முதல் நடப்பில் உள்ள ஐக்கிய அரபு அமீரகத்துடனான வர்த்தக ஒப்பந்தத்தின் வரிச் சலுகைகூட, சரக்கு எங்கே உற்பத்தியானது என்பதற்கான சான்றிதழ் இருந்தால்தான் பையருக்குக் கிடைக்கும்.

1916இலும் 1926இலும் இரண்டு வங்கிகள் பிறந்த ஊர் கரூர். அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே இல்லாமலா போய்விடுவார்கள்? எங்கள் ஆவணங்களை எழுதித் தர மாவட்ட நிர்வாகம் அழைத்தால் இரண்டு பேராவது வருவார்கள். ஷிப்மெண்டுக்கு இவ்வளவு என்று கட்டணத்தை நாங்களே கொடுத்துவிடுகிறோம். மாவட்டத் தொழில் மையத்தில் ஓர் அறையும் ஒரு கணினியும் ஒதுக்கித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
சிறு வீட்டு ஜவுளி ஏற்றுமதியாளர்,
வெங்கமேடு, கரூர்.