குறுக்குவழியின் நீளம் 80 கிலோமீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஏடிஎச்டி (கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு) கட்டுரையை எங்கள் வீட்டில் மாமியார்தான் முதலில் படித்தார். "மாத்திரை, நேரமில்லாத பெற்றோரின் குறுக்குவழி" என்ற வரிக்குப் பேனாவால் கோடு போட்டு, "பேப்பர்லயே போட்டிருக்குது பாரு கண்ணு" என்று அடுக்களை மேடையில் விரித்து வைத்தார். 11 வருடம் சந்தா கட்டியதற்கு நல்ல பலன்.

கோபியிலிருந்து கோவைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். என் மகனுக்கு டாக்டர் எழுதித் தந்த மருந்துச் சீட்டு 14 மாதம் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் கிடந்தது. அதற்குள் பண்ணாரிக்குப் போய்க் கயிறு கட்டினோம். யோகா, கராத்தே. அம்முச்சி செய்யும் கச்சாயம் உட்பட இனிப்பை நிறுத்தினோம். டாக்டர் சொல்லித் தந்த பழக்கப் பயிற்சிகளையும் விடாமல் செய்தோம், கொஞ்சம் பலன் இருந்தது. ஒரு நாள் கன்றுக்குட்டி பின்னால் சத்தி ரோட்டுக்கு ஓடினான். பஸ்காரர் பிரேக் போட்டதால் என் மகனுக்கு இன்று 9 வயது. அன்றைக்குத்தான் பீரோவைத் திறந்தேன். பழைய சீட்டு செல்லாது என்றார்கள். மறுபடி 80 கிலோமீட்டர்.

அந்தச் சீட்டில் இருந்த மெத்தில்பெனிடேட் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற மருந்து. பல கடைகளில் வைப்பதே இல்லை. நான்காவது கடைக்காரர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், சாராயம் கேட்டு வந்தவளைப் போல.

பசி குறையும் என்றார் டாக்டர், குறைந்தது. டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்த வாரத்தில் நான் அழுதிருக்கிறேன். இப்போது மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறைய இட்லி, ராத்திரி 9 மணிக்கு இன்னொரு சாப்பாடு. மாதாமாதம் எடையை நோட்டில் எழுதுகிறேன், உயரத்துக்கு வாசல் நிலையில் பென்சில் கோடு. அவனுக்குக் கொடுக்கும் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். சாயங்காலம் வீட்டுப்பாடத்துக்கு என்னிடம் உட்காருவது பழைய பையன்தான். ஆனால் தேதியோடு நின்றுபோகும் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதி, அவனே கொண்டுவந்து காட்டினான்.

மருந்து வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. என் நாத்தனார் மகளுக்கும் இதே பிரச்சினைதான், மருந்தில்லாமல் சமாளிக்கிறார்கள். அவள் ஓடுவதில்லை, வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் யாருக்கும் தெரியவே நாலு வருடம் ஆனது.

பிள்ளைக்கு ஏடிஎச்டி என்று "சலுகைக்காகப் பட்டம் வாங்குகிறார்கள்" என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏடிஎச்டி இல்லை. எந்தச் சலுகையைச் சொல்கிறார்? அப்புறம் கட்டுரையோடு வந்த அந்தப் படம். செல்போனும் கையுமாக ஒரு அம்மா. அப்பாவை வரைய ஓவியருக்கு மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. போன வருடம் பள்ளிக் கழிப்பறை பற்றி நான் எழுதிய கடிதத்துக்கும் இடமில்லாமல்தான் போனது. சரி, அதை விடுங்கள்.

ராசிபலனுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதன் ஓரமாக நாலு வரி போதும். கோவை, ஈரோடு, திருப்பூர் அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான மனநல ஆலோசனைக்கு எந்தக் கிழமை போக வேண்டும் என்று விசாரித்துப் போடுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள். பேனாவை மாமியார் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்