சக்கரத்துக்கு அபராதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. வேலைக்கு ரீடிங்கிலிருந்து லண்டன் பாடிங்டனுக்கு ரயிலில் போய்வருகிறேன் என்று நீ சொன்னதும் எனக்கு ஒரு பழைய சட்டச் சங்கதி ஞாபகம் வந்தது. போனில் சொன்னால் "அப்புறம் பேசறேன்பா" என்று வைத்துவிடுவாய்.

இங்கிலாந்தில் 'டியோடண்ட்' என்று ஒன்று இருந்தது. கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது என்று அர்த்தம். வண்டியோ மாடோ மோதி ஆள் இறந்தால், அந்த வண்டிக்கும் மாட்டுக்கும் மரண விசாரணை ஜூரிகள் விலை போடுவார்கள். அதை உடைமைக்காரன் கட்ட வேண்டும். பேர்தான் தர்மத்துக்கு, பணம் போனது அரசர் கஜானாவுக்கோ, அந்த உரிமையைப் பெற்றிருந்த பிரபுவுக்கோ. நின்ற வண்டியில் சக்கரத்தை மிதித்து ஏறும்போது விழுந்து செத்தால் சக்கரத்துக்கு மட்டும் அபராதம். ஓடும் வண்டியென்றால் குதிரையும் சேர்த்து! ஜூரிகளும் பல நேரம் சில ஷில்லிங்கோடு முடித்துவிடுவார்கள்.

ரயில் வந்ததும் ஜூரிகளுக்குக் கோபம் வந்தது. 1841 டிசம்பர் 24 விடியற்காலை, பாடிங்டனிலிருந்து பிரிஸ்டல் போன சரக்கு ரயில் சானிங் அருகே, மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடத்தில், சரிந்து கிடந்த மண்ணில் மோதியது. ட்வைஃபோர்டுக்கும் ரீடிங்குக்கும் நடுவில், உன் வழிதான். ஏழைப் பயணிகளை ஏற்றிய கூரையில்லாத பெட்டிகளை எஞ்சினுக்குப் பின்னால், சரக்குக்கு முன்னால் கோத்திருந்தார்கள். பின்னாலிருந்து சரக்கு வந்து நெருக்கியது. ஒன்பது பேர் செத்தார்கள். பலர் நாடாளுமன்றக் கட்டடத்தில் கல்வேலை செய்துவிட்டு கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பியவர்கள். ஜூரி எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1,000 பவுண்டு போட்டது.

அந்தப் பணத்தில் செத்தவன் பெண்டாட்டிக்கு ஒரு பென்னி உரிமை கிடையாது. மரணத்துக்காக சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1808இலேயே எல்லன்பரோ பிரபு தீர்ப்பு எழுதிவிட்டார். 1846இல் இரண்டையும் சேர்த்து மாற்றினார்கள்: டியோடண்ட் ஒழிந்தது, கேம்பெல் பிரபு கொண்டுவந்த சட்டத்தில் குடும்பத்துக்கு வழக்குப் போடும் உரிமை வந்தது. ரயில் கம்பெனிகளுக்கு முதலாவது இனித்திருக்கும், இரண்டாவது கசந்திருக்கும். என்னைக் கேட்டால் நல்ல பேரம்தான்.

அதே சட்டம்தான் 1855இல் இங்கே வந்தது. வாரிசுச் சான்றிதழும் ரேஷன் கார்டு நகலுமாக என் வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைச் சின்ன வயதில் பார்த்திருப்பாயே, அவர்கள் கேட்கும் உரிமைக்கு மூலம் அதுதான். ஆனால் அதில் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகளுக்குத்தான் இடம். கூடப்பிறந்தவர்களுக்கு இல்லை. வாகன விபத்தில் அண்ணன் தம்பியும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1987இல், ஒரு குஜராத் வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் காட்டி நான் நஷ்டஈடு வாங்கிக்கொடுத்தது உண்டு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா