'கிரிட்டிகல் பாத்' நெருக்கடிப் பாதை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டுமானத் திட்டங்களின் காலதாமதம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், ஒரு திட்டம் முடியும் நாளைத் தீர்மானிக்கும் வேலைத்தொடரைக் குறிக்கும் 'கிரிட்டிகல் பாத்' என்னும் கலைச்சொல் 'நெருக்கடிப் பாதை' என்று பெயர்க்கப்பட்டிருந்தது. சிக்கலில் மாட்டிக்கொண்ட வேலைகளின் வரிசை என்று வாசகர் பொருள்கொள்ள அது இடம் தருகிறது.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம், தன் கட்டுமான வேலைகளைக் கால அட்டவணைப்படுத்த யூனிவாக் கணினி உதவுமா என்று 1956-57ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தது. அந்நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் யூனிவாக்கைத் தயாரித்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் வகுத்த முறையில், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்ற நிலையிலுள்ள வேலைகளின் மிக நீண்ட தொடருக்கு அவர்கள் முதலில் இட்ட பெயர் 'மெயின் செயின்', அதாவது முதன்மைச் சங்கிலி. ஏறத்தாழ அதே காலத்தில் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அமெரிக்கக் கடற்படை 'பெர்ட்' என்ற திட்டமிடல் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தது. 'கிரிட்டிகல் பாத்' என்ற சொல் பெர்ட் முறையை உருவாக்கியவர்களுடையது என்று கெல்லியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1959இல் வாக்கரும் அவரும் வெளியிட்ட ஆய்வுரையின் தலைப்பிலேயே அந்த இரவல் சொல் ஏறிவிட்டது.

'கிரிட்டிகல்' என்பதன் கிரேக்க வேருக்குப் பிரித்தறிதல், தீர்மானித்தல் என்பன பொருள். நோயாளி தேறுவாரா மாட்டாரா என்பது தீர்மானமாகும் கட்டத்தைக் கிரேக்க மருத்துவர்கள் 'கிரிசிஸ்' என்றார்கள். ஆபத்து என்னும் பொருள்நிழல் அந்தப் பயன்பாட்டில் படிந்ததே. இலக்கியத் திறனாய்வைக் குறிக்கும் 'கிரிட்டிசிசம்' என்பதும் இதே வேரில் கிளைத்தது. ஆகவே எங்கோ ஒரு மொழிபெயர்ப்பில் 'விமர்சனப் பாதை' என்று கண்டபோது சிரித்தாலும், வேர் ஒன்றுதானே என்று எண்ணி மன்னித்துவிட்டேன்.

வீடு கட்டியவர்களுக்கு இந்த வேலைத்தொடர் புதிதன்று. மேல்தளம் போட்டு, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி, சென்ட்ரிங் பலகையைப் பிரித்த பிறகே உள்பூச்சு தொடங்கும். இதில் நான்கு நாள் நழுவினால் புதுமனை புகுவிழாவும் நான்கு நாள் தள்ளிப்போகும். சுற்றுச்சுவரோ சற்றுப் பின்னால் எழும்பினாலும் விழா நாள் மாறாது. எல்லா வேலையும் குறித்தபடியே நடந்து, நெருக்கடி எதுவுமே இல்லாத திட்டத்திலும் 'கிரிட்டிகல் பாத்' உண்டு.

எனவே 'தீர்மானத் தொடர்' என்றோ, முதலில் இட்ட பெயரை ஒட்டி 'முதன்மைத் தொடர்' என்றோ எழுதலாம் என்பது என் கருத்து. இரண்டும் வேண்டாமெனில் 'கிரிட்டிகல் பாத்' என்றே தமிழ் எழுத்தில் அச்சிடுங்கள். கொத்தனார் முதல் பொறியாளர் வரை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி