நான்கு பெயர்கள் எழுதிய சீட்டுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும்,

காதுக்குள் ஓயாமல் கேட்ட இரைச்சலால் கிதாரை விட்டிருந்த கடந்த எட்டு மாதங்களை நீங்கள் அனைவரும் என்னோடு கடந்து வந்தவர்கள் என்பதால், நடந்ததை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. நேற்று மாலை கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் குழுவோடு நாற்பது நிமிடங்கள் வாசித்தேன்; இரவில் காதின் இரைச்சல் கூடவில்லை. விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவமனைக்குக் காரில் அழைத்துச் சென்றவர்கள், பாஸ்டன் பனியில் இரவு உணவைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் சென்றவர்கள், வேறு கிதார் கலைஞரைத் தேடாமல் காத்திருந்த என் குழுத் தோழர்கள், தொலைபேசியில் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்ட அம்மா, உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இனி எழுதுவது முழுவதும், இந்த மொழி அறியாத ஒருவரைப் பற்றியது. செவித்திறன் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பு மேசையில் அமர்ந்திருக்கும் நரைத்த தலை அம்மையார் அவர். படிவத்தில் நான் கையெழுத்திட்டபோது, காய்த்துப்போன என் இடக்கை விரல்நுனிகளைப் பார்த்து, "கிதாரா?" என்று கேட்டார். "இனி இல்லை" என்றேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு சீட்டைக் கிழித்து, நான்கு பெயர்களை ஆண்டுகளோடு எழுதி, "வரிசையாக, குறைந்த ஒலியில் கேளுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தார்: ஆன்ஆஃப்ஆன், 2004, தி ஆப்லிட்டரேட்டி, 2006, தி சவுண்ட் தி ஸ்பீட் தி லைட், 2009, அன்சவுண்ட், 2012.

இந்த பாஸ்டனிலேயே 1979இல் தொடங்கிய மிஷன் ஆஃப் பர்மா என்ற ராக் இசைக்குழுவின் இசைத்தொகுப்புகள் அவை. கிதார் கலைஞர் ரோஜர் மில்லரின் காது இரைச்சல் தாங்க முடியாத நிலையை எட்டியதால் 1983இல் அக்குழு கலைந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததாலேயே என் கதையும் அங்கேதான் முடியும் என்று நம்பியிருந்தேன். அந்த அம்மையாரோ அவ்வாண்டின் பிரியாவிடைக் கச்சேரியில் அழுதுகொண்டே நின்றவர். 2002இல் அவர்கள் மீண்டும் மேடையேறியதையும் பார்த்தவர்.

மில்லரின் காது குணமாகிவிட்டதால் அவர்கள் திரும்பி வரவில்லை. துப்பாக்கி சுடும் களத்தில் அணிவது போன்ற காதுமூடிகளை அணிந்து, முரசிலிருந்து விலகி மேடையின் ஓரத்தில் அவர் நின்றார். பீட்டர் பிரெஸ்காட்டின் முரசுகளைச் சுற்றி ஒளிபுகும் தடுப்பு எழுந்தது. ஒலிநாடாக்களைக் கையாண்ட மார்ட்டின் ஸ்வோப் திரும்பாதபோது, அந்த இடத்திற்கு பாப் வெஸ்டன் வந்தார். உடலின் சேதத்தை மறைக்காமல், அதற்கேற்ப மேடையையே மாற்றி அமைத்தார்கள். இளமையில் ஒரு குறுந்தொகுப்பையும் ஒரு முழுத்தொகுப்பையும் பதிவுசெய்து கலைந்தவர்கள், நரைத்த பிறகு நான்கு முழுத்தொகுப்புகளைத் தந்தார்கள். அவற்றுள் தி ஆப்லிட்டரேட்டியையே நான் மிக உயர்வாகக் கருதுகிறேன். பழைய புகழை நினைவூட்டும் முயற்சி அதில் இல்லை, இன்னும் தீராத சினமும் அதைக் கட்டியாளும் கைத்திறனும் இருக்கின்றன.

இடையில் கழிந்த பத்தொன்பது ஆண்டுகளையும் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். மில்லர் பியானோவின் பக்கம் சென்றார், ஊமைப்படங்களுக்கு நேரடியாக இசை வழங்கும் குழுவில் சேர்ந்தார். பாஸ் கிதார் கலைஞர் கிளின்ட் கான்லி தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஆனார். அந்தக் காலத்தை வீணானதாக எண்ண என்னால் இயலவில்லை. என்னுடைய எட்டு மாதங்களையும் அப்படியே எண்ணப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று முரசுக்கு நேரெதிர் மூலையில், காதடைப்பானுக்கு மேல் காதுமூடியும் அணிந்து நின்றேன். இனி எந்த ஒத்திகைக்கும் அவை இல்லாமல் செல்ல மாட்டேன். எங்களோடு வாசிக்க வரும் இளைஞர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு பெட்டி காதடைப்பான்களையும் கிதார் உறையிலேயே வைத்திருப்பேன்.

அந்த நான்கில் அன்சவுண்ட் மட்டும் தன்னிடம் இசைத்தட்டாக இல்லை என்று அந்த அம்மையார் ஒருமுறை சொன்னார். அடுத்த மாதப் பரிசோதனைக்குச் செல்லும்போது கொண்டுபோய்க் கொடுப்பதற்காக, அதை வாங்கி வைத்திருக்கிறேன்.