எரிமலை செய்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தொடக்கப் பள்ளிகளில் 'செய்முறை' என்று எரிமலையும் மாதிரி வீடும் கேட்கிறார்கள். இரவு கண்விழித்து அதை ஒட்டுவது பெற்றோர். குழந்தை வேடிக்கை பார்க்கிறது. பெற்றோர் பங்கேற்பு என்பது இதுவல்ல.

வகுப்பில் ஏற்கெனவே ஆடிப் பழகிய விளையாட்டையே வீட்டுக்கு அனுப்பலாம். இரண்டாம் வகுப்பு என்றால் 70 குச்சிகள், 6 ரப்பர் வளையங்கள், ஒரு பகடை. இருவர் ஆடலாம். விழும் எண்ணுக்கேற்பக் குச்சி எடுத்து, பத்து சேர்ந்ததும் கட்டுப் போட வேண்டும். மூன்று கட்டு முதலில் சேர்த்தவருக்கு வெற்றி. மறுநாள் தலைகீழாக: ஆளுக்கு மூன்று கட்டுடன் தொடங்கி, விழுந்த எண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உதிரிக் குச்சி போதாதபோது கட்டை அவிழ்த்தே தீரவேண்டும். கழித்தலில் 'கடன் வாங்குதல்' அங்கேதான் புரியும்.

கெடுவது பெரியவர்களின் அவசரத்தால். கட்டில் ஒன்பதோ பதினொன்றோ இருந்தால் உடனே திருத்தாதீர்கள். அவிழ்க்கும்போது எண்ணச் சொன்னால் போதும். குழந்தை பாடம் வாசிக்கையில் திணறினாலும் இதேபோல் ஐந்து விநாடி பொறுங்கள்.

பக்கம் பக்கமாக விளக்கத் தாள் வேண்டாம். விதிகளைக் குழந்தையே வீட்டில் சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் ஆடலாம். திரும்பி வரும் பையில் குச்சிகள் குறைந்திருக்கும். கூடுதலாக ஒரு பிடி வைத்திருங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்